அம்சம் கேட்ட சாப்ட்வேர்

"அந்த செல்லதுரை, நம்ம அம்சத்தோட தெருக்காரரு, முதலாளி" என்று மீரா சாகிப்பின் காதில் போட்டுவிட்டுத்தான் துரைராசு மீட்டிங்குக்கே வந்தார்.

தஞ்சாவூரில் நடவு மெஷின் செய்கிற பட்டறை அது. மெஷினைச் செய்வதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் வரைந்து, சேற்றில் ஓட்டினால் தாங்குமா என்று அதிலேயே சோதித்துப் பார்க்கிற சாப்ட்வேர் வாங்குவதாக முடிவாகியிருந்தது. இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து போட்டுக் காட்டினார்கள். சென்னைக் கம்பெனியுடையது எல்லோருக்கும் பிடித்துப்போனது. இன்ஜினியர் அம்சம் மட்டும், இன்னொரு கம்பெனிக்காரர் செல்லதுரை கொண்டுவந்ததுதான் வேண்டும் என்றாள்.

துரைராசுவுக்கு அது பொறுக்கவில்லை. இருபது வருஷமாக அங்கே மெஷினுக்குப் படம் வரைகிறவர். குத்தாலத்துப் பக்கம் அவர் வீட்டு நிலத்தில் ஆறு மா, இரண்டு ஏக்கர், நில உச்சவரம்புச் சட்டத்தில் போய், அவர்களிடம் கூலிக்கு இருந்த வீரையனுக்குக் கிடைத்தது. வீரையனின் பேத்திதான் அம்சம். அந்த ஆறு மாவைப் பற்றி அப்பா பொருமுவதைக் கேட்டே வளர்ந்தவர் அவர்.

மீரா சாகிப் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"செல்லதுரை உன் தெருவாம்மா?"

"ஆமா சார்."

"அதனாலதான் அவரோடது வேணுங்கிறியா?"

யாரோ சிரித்தார்கள். அம்சத்தின் முகம் சுருங்கிவிட்டது. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, படித்துவிட்டு முடிவு பண்ணச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மீரா சாகிப் அதைத் துரைராசுவின் பக்கம் தள்ளினார்.

தப்புக் கண்டுபிடிக்கத்தான் துரைராசு பிரித்தார். மெஷினின் ஒரே சக்கர அச்சை இரண்டு சாப்ட்வேரிலும் சோதித்திருந்தாள் அம்சம். சென்னைக் கம்பெனியுடையதில் அச்சு முழுக்கப் பச்சை. பத்திரம் என்று அர்த்தம். செல்லதுரையுடையதில் வெல்டிங் பக்கம் சிவப்பு. ஆழச் சேற்றில் முறியும்.

துரைராசுவுக்கு அச்சு அடையாளம் தெரிந்தது. போன சம்பா நடவில், வயலில் நிஜமாகவே முறிந்த அச்சு அது. முறிந்ததும் அதே இடத்தில்தான். கண்டபடி ஓட்டினான் என்று பழி போட்டு, டிரைவர் ரெத்தினத்தை வேலையை விட்டே அனுப்பியாயிற்று.

அந்த அச்சை வரைந்தவர் துரைராசு.

நம்மை மாட்டிவிடத்தான் இதை எடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

'ஓட்டியவர் மேல் தப்பில்லை. தப்பு படத்தில். வரைந்தவர்: அம்சம்.'

திரும்பத் திரும்பப் படித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவரால் உட்கார முடியவில்லை. அம்சத்தை உள்ளே கூப்பிடச் சொன்னார். அச்சை வரைந்தது தான்தான் என்றும், தெருப் பேச்சைக் கிளப்பியதும் தான்தான் என்றும், ரெத்தினத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் நின்றபடியே சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மீரா சாகிப் அம்சத்திடம் திரும்பினார்.

"தெரிஞ்சும் ஏம்மா உன் பேரைப் போட்டே?"

"காலியா விட்டா யாருதுன்னு தேடுவாங்க சார். நான் சோதிச்சது சாப்ட்வேரை. அவரை இல்ல."