வெங்காயம் வதங்கும் நேரம்

"வெங்காயத்தை எப்போ போடணும்? எண்ணெய் ஊத்துனதுமேவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"பறக்காதீங்க. எண்ணெய் காயட்டும், அடுப்பைக் குறைங்க, அப்புறம் வெங்காயம். கூடவே ஒரு சிட்டிகை உப்பு, சீக்கிரம் வதங்கும்" என்றாள் சாப்பாட்டக்கா. சமையல் சொல்லித் தருகிற இடமா இது!

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று பத்து நிமிடமாகிவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. காலடியில் இரண்டு பைகள், அவற்றில் ஆறாவது மாடி அலுவலகத்துக்கான பதினாறு டப்பாக்கள், அவளுடைய சொந்தச் சாப்பாட்டு டப்பா ஒன்று. செல்போன் மட்டும் கீழே ஸ்கூட்டர் பெட்டியில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூடிய இடம் என்றாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஏழு வயதில் கண்ணாமூச்சி ஆடப்போய் அலமாரிக்குள் சிக்கிக்கொண்டபோது பிடித்த பயம், நாற்பத்தைந்து வயதாகியும் விட்டபாடில்லை. மூன்று வருடமாக இந்தக் கட்டடத்தில் ஆறு மாடியும் படியேறித்தான் சாப்பாடு கொடுக்கிறாள். நேற்றுப் பார்த்துக் கணுக்கால் பிசகித் தொலைத்தது, அதனால்தான் இன்று லிஃப்ட்.

லிஃப்ட் குலுங்கி நின்றதும் அவள் போட்ட அலறல் கொஞ்ச நஞ்சமில்லை. அப்போதுதான் காற்று வருகிற சல்லடை வழியாக அந்தக் குரல் வந்தது. "பயப்படாதீங்கக்கா, நான் இங்கதான் இருக்கேன். போன் பண்ணிச் சொல்லியாச்சு. மெக்கானிக் கிளம்பிட்டாராம்."

திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன்தான் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். போகிற உயிரைப் பிடித்து நிறுத்த வந்த புண்ணியவான்.

"வாட்ச்மேன் அண்ணே, என்னை விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க!"

குரல் ஒரு கணம் தயங்கியது. "எங்க போகப்போறேன்? நீங்க பேசிக்கிட்டே இருங்க, போதும். இன்னைக்கு என்ன சமையல்? வாசனை இங்க வரைக்கும் வந்து ஆளைத் தூக்குது."

"முட்டை போட்ட உருளைக்கிழங்குக் கறி" என்றாள். பேச்சு அப்படித்தான் சூடுபிடித்தது.

அவருடைய மனைவி தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறதாம். இன்று சாயங்காலம் வருகிறாளாம். வந்ததும் தன் கையால் ஒரு கறி சமைத்துப் போட்டு அசத்த வேண்டும் என்பது மனிதரின் ஆசை.

"பத்து நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"தொட்டுக்க?"

"தண்ணி."

அந்த இருட்டிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுக்காரரும் உங்க ஜாதகம்தான். அடுப்பு எங்க இருக்குன்னு கேட்டா ஜன்னலைக் காட்டுவாரு. குறை சொல்லச் சொல்லுங்க, அதுல சூரன். பொண்ணு அதுக்கும் மேல. முட்டை வெந்துடுச்சான்னு கரண்டியால தட்டித் தட்டிப் பார்க்கிறா!"

குரலும் சிரித்தது. சிரித்து ஓயுமுன் மேலே எங்கோ கம்பி 'கிறீச்' என்றது. லிஃப்ட் ஒரு முறை ஆடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா? ஏன் சத்தத்தையே காணோம்? அக்கா! தக்காளி எப்போ? தக்காளியைச் சொல்லுங்க!"

அவர் அவசரப்பட்டதைப் பார்த்தால் அடுப்பில் வெங்காயம் நிஜமாகவே கருகிக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தது. இந்த மனிதருக்காகவாவது வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

"வெங்காயம் பொன்னிறமானதும் தக்காளி. அது குழைஞ்சப்புறம் மிளகாய்த்தூள், வெந்த கிழங்கு. கடைசியா அவிச்ச முட்டையை லேசாக் கீறிப் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. கூடவே ஆறாவது மாடியின் பசியும் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, ஒரு உதவி. மேல போய், சாப்பாடு லேட்டாகும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"அது மட்டும் முடியாதுக்கா. இந்த இடத்தை விட்டு என்னால ஒரு அடி நகர முடியாது."

சாப்பாட்டக்கா நெகிழ்ந்துபோனாள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என்ன பொறுப்பு! வெளியே போனதும் தன் சொந்த டப்பா அவருக்குத்தான் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம் கழித்து லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நான்காவது மாடியில் மெக்கானிக் கதவை நெம்பித் திறந்தார். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். மெக்கானிக்குக்குப் பக்கத்தில் டார்ச்சோடு நின்ற வாட்ச்மேனைக் கண்டதும் தன் டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்க மட்டும் பேச்சுக் கொடுக்கலைன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன், அண்ணே!"

வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். "நான் எங்கம்மா பேசினேன்? கீழ வாசல்ல நின்னு இவரைக் கூட்டிக்கிட்டு இப்பத்தானே மேல வர்றேன்!"

மெக்கானிக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூடியிருந்த பக்கத்து லிஃப்ட்டின் கதவை நோக்கி நகர்ந்தார். அதற்குள்ளிருந்து அதே குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, பேச்சை நிறுத்திடாதீங்க... எனக்கு இன்னும் கதவு திறக்கல!"