இரண்டாவது கையெழுத்து

"ரெண்டு கையெழுத்தும் இருக்கே" என்றார் மேட்ரன், ஊசித் தாளை என் பக்கம் திருப்பி.

இருந்தது. முதல் கட்டத்தில் என் பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸுடையது, மணி மணியாக. இரண்டாவது கட்டத்தில் என்னுடையது, கோழி கிளறியது போல.

இன்சுலின் மாதிரி ஆபத்தான ஊசியை ஒருத்தி தனியாகப் போடக் கூடாது. ஒருத்தி மருந்தை ஏற்ற வேண்டும். இன்னொருத்தி பாட்டிலையும் சிரிஞ்சையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் சட்டம்.

சட்டம் போட்ட மகராசர்கள் எங்கள் வார்டுப் பக்கம் வந்ததில்லை. முப்பத்து நாலு கட்டில். காலை ஷிஃப்டுக்கு மூன்று பெண்கள், இன்சார்ஜ் என்று நான் ஒருத்தி. ஒவ்வொரு ஊசிக்கும் ரெண்டு பேர் போய் நின்றால், டிரிப்பை யார் மாற்றுவது? புண்ணுக்கு யார் கட்டுப் போடுவது?

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை ஏழு மணிக்கு வந்ததும் அன்றைய தாள்கள் அத்தனையிலும் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். எட்டு மாதமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

"எது நடந்தாலும் என் தலைதான் முதல்ல உருளும். நீங்க பயப்படாம வேலையைப் பாருங்க." தினமும் ஷிஃப்ட் மாறும்போது இதைச் சொல்வேன். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இன்று காலை எட்டு மணிக்கு ஒன்பதாம் கட்டில் பஸ் டிரைவருக்கு இன்சுலின் போட்டவள் இவள். ஸ்டோரிலிருந்து வந்திருந்தது புதுப் பாட்டில். பழசைவிட இரண்டரை மடங்கு வீரியம். அது தெரியாமல் பழைய சிரிஞ்சில் பழைய கோடு வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

பத்து மணிக்குள் அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டி, வலிப்பு வந்து, ஐசியுவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் கண் திறக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இவளுக்கு வார்டில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். எதை எடுத்தாலும் "சரியா சிஸ்டர்?" "இது சரிதானே சிஸ்டர்?" என்று என் உயிரை வாங்குவாள். 'சந்தேகம் வருது, ஓடுங்கடி' என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மேட்ரன் அவளைப் பார்த்தார். "ஊசி போடுறதுக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட பாட்டிலைக் காட்டினியா, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் எதையும் பார்க்கவில்லை, கையெழுத்து ஏழு மணிக்கே போட்டது. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. ஒரே ஒரு வாக்கியம்.

வாய் வரவில்லை. நான் போய்விட்டால் வார்டு என்ன ஆகும், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்ன ஆகும் என்று என்னென்னவோ நியாயங்கள் வரிசை கட்டி வந்தன. பயம், வேறென்ன. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிஸ்டர் பார்த்தது பழைய பாட்டில் மேடம்" என்றாள் அவள். "அது கைதவறி உடைஞ்சிருச்சு. நான்தான் புதுசை எடுத்து, காட்டாமலே போட்டுட்டேன்."

எந்தப் பாட்டிலும் உடையவில்லை.

மேட்ரன் தாளைப் புரட்டினார். அடுத்தது நாளைய தேதி போட்ட தாள். நாளை எனக்கு வார லீவு. பெண்கள் திண்டாடக் கூடாதே என்று அதையும் இன்று காலையே முடித்து வைத்திருந்தேன். இரண்டாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை என் கோழிக் கிளறல்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் இடத்தில் போட அவரிடமும் ஆள் கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஃபைலை மூடினார். "நீங்க வார்டுக்குப் போங்க சிஸ்டர்." அவளிடம், "நீ யூனிஃபார்மை மாத்திட்டு வீட்டுக்குக் கிளம்பு. சஸ்பென்ஷன் லெட்டர் வரும்."

வெளியே வந்தோம். எதிரே ஐசியு வாசல் பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கணவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தோம்.

மாடிப்படி வந்ததும் அவள் நின்றாள். பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். காலையில நீங்க போன்ல இருந்தப்ப பாட்டிலோட வந்து நின்னு ஒண்ணு கேட்டேனே. அது உங்க காதுல விழுந்துச்சா?"

லீவில் இருந்த ஒருத்தியிடம், ரெண்டு மணி நேரமாவது வந்துவிட்டுப் போம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன் அப்போது. இவள் வந்து நின்றதும், போ போ என்று கையை ஆட்டினேன்.

"விழலையேம்மா" என்றேன். "போன்ல இருந்தேன்ல."

அவள் முகம் தெளிந்தது. காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு விடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"அதானே. விழுந்திருந்தா எந்திரிச்சு வந்திருப்பீங்களே."

படியிறங்கிப் போய்விட்டாள்.

'சிஸ்டர், மூடி பச்சையா இருக்கு. எப்பவும் ஊதாதானே வரும்? இது சரியா?'

ஒரு சொல் விடாமல் அப்போதே எனக்குக் கேட்டது.