இடையில் ஒரு வருஷம்

"நடுவுல ஒரு வருஷம் காலியா இருக்கே, ஊர் சுத்தினீங்களா?"

மேனேஜர் அவளுடைய பயோடேட்டாவில் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

இது நாலாவது இன்டர்வியூ. முந்தைய மூன்று இடங்களிலும் இந்த ஒரு வருஷம்தான் அவளைக் கவிழ்த்தது. 'ஊர் சுத்தினேன்னே சொல்லுடி, இப்ப அதுக்குத்தான் மவுசு' என்று தோழி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பாழாய்ப்போன பொய் வாயில் வரவில்லை.

"இல்ல சார், வீட்லதான் இருந்தேன்."

"காலேஜ்ல முதல் ரேங்க். படிச்சு முடிச்ச கையோட வேலையும் கிடைச்சிருக்கு. அதை உதறிட்டு வீட்ல சும்மாவா?"

"அப்பாவுக்குப் பக்கவாதம் சார். படுத்த படுக்கையாயிட்டார். என்னை விட்டா வேற ஆள் இல்ல."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நர்ஸ் வச்சுக்கலையா?"

"கட்டுப்படியாகல சார். நானே எல்லாம் கத்துக்கிட்டேன்."

"படுக்கைப் புண் வந்திருக்குமே?"

"ஒண்ணுகூட வர விடல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பேன்."

"சாப்பாடு?"

"மூக்குல குழாய் சார். கஞ்சியை வடிகட்டி விடுவேன்."

"அருவருப்பா இல்லையா?"

"அப்பா சார்..."

அவளிடம் இத்தனை அக்கறையாக யாருமே கேட்டதில்லை. சொந்தக்காரர்கள்கூட வாசலோடு திரும்பியவர்கள்தான். இந்த வேலை நமக்குத்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.

"இப்ப அப்பா எப்படி இருக்கார்?"

"போயிட்டார் சார். ரெண்டு மாசம் ஆச்சு."

'ச்சு' கொட்டினார் மேனேஜர். பயோடேட்டாவை மடித்து அவளிடமே நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க வேலையில ஒரு வருஷம் தொடர்பு விட்டாலே கஷ்டம். வீட்ல பார்த்த வேலையெல்லாம் எங்களுக்குக் கணக்கே இல்ல."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போய்விட்டாள்.

"ஒரு நிமிஷம்மா."

திரும்பினாள். மேனேஜர் எழுந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்கம்மாவும் ஆறு மாசமா படுக்கையிலதான். முதுகெல்லாம் புண். எந்த நர்ஸும் ஒரு வாரத்துக்கு மேல நிக்கறதில்ல. என்னாலயும் என் மனைவியாலயும் ஆபீஸை விட முடியுமா, சொல்லுங்க? நாளையில இருந்து நீங்க வீட்டுக்கு வந்துடறீங்களா?"