இரைச்சல் இல்லாத கிதார்

“முடியாதுன்னா முடியாதுங்க தம்பி. எடுத்துட்டுப் போங்க.”

வாத்தியக் கடை பசீர் பாய் கிதாரைத் தள்ளி வைத்த விதம் மாரிச்செல்வத்துக்குச் சுருக்கென்றது.

ஐந்து கம்பி வைத்த புது பேஸ் கிதார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவன், தீபாவளி போனஸை முன்கூட்டியே கெஞ்சி வாங்கிக் கோயமுத்தூர் போய், கடையில் தொங்கியதையெல்லாம் மடியில் வைத்து வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு குறை. ஒலிபெருக்கும் ஆம்பில் சொருகினால் கலைத்துவிட்ட தேன்கூடு மாதிரி இரைந்தது.

“ஆம்புல எர்த் வயரக் கழட்டிவிட்டா இரைச்சல் நின்னுரும்னு சொல்லுதாங்க பாய். ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான வாசிக்காங்க?”

“அந்த வேலை நான் செய்யறதில்லீங்க. ஒரு வாரம் உட்டுட்டுப் போங்க. கிதாருக்குள்ள செம்புத் தகடு ஒட்டி இரைச்சலை அடக்கித் தாறேன்.”

“நாளைக்கு ஆயுத பூஜை பாய்! என் வாசிப்பக் கேக்கத்தான் காங்கேயத்துல இருந்து பாண்டித்துரை அண்ணன் வாராரு.”

“அப்ப நாளைக்குப் பழசையே வாசிங்க.”

பழசையா? கழுத்து வளைந்து, கம்பி தூக்கிக்கொண்டு, அழுத்தி அழுத்தி விரல் காய்த்துப்போன கதையை இதே பாயிடம்தான் மாதக்கணக்கில் சொல்லி அழுதிருக்கிறான். அப்போதும், “புதுசு எதுக்குங்க, சத்தம் புடிக்கிற பிக்கப்பை மாத்தித் தாறேன்” என்றுதான் பாடினார். தன் கடையில் வாங்காத கிதார் நன்றாகப் பேசிவிட்டால் வயிறு எரியத்தானே செய்யும்!

மாரிச்செல்வம் நேரே கம்பெனி எலெக்ட்ரீஷியனிடம் போனான். அவர் ஆம்பைத் திறந்து ஒரு வயரைக் கழற்றி, முறுக்கி ஓரமாக விட்டார். அவ்வளவுதான். இரைச்சல் பட்டென்று நின்றது.

ஐந்தாவது கம்பியைச் சுண்டினான். சத்தம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. ‘ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்’ என்று கேலி பேசிய கம்பெனிக்காரர்கள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

பாண்டித்துரை மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கீபோர்டிலேயே பேஸும் வந்துவிட்டதென்று மற்றவர்கள் கிதார்காரர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் விடாமல் ஓர் ஆளை வைத்திருந்தவர். அந்த ஆள் துபாய் போய்விட்டான். அந்த இடம் கிடைத்தால் மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பஞ்சுத் தூசியில் இருமி இருமி நைந்துபோன நெஞ்சு, இனி அங்கே தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் மிஷின்களெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. கட்டிங் டேபிள் இரண்டைச் சேர்த்துப் போட்டதுதான் மேடை. பூஜை நாளாயிற்றே, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார்கள்.

முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டல் பறந்தது. முன்வரிசையில் பாண்டித்துரை தொடையில் தாளம் போட்டார்.

அப்போதுதான் பசீர் பாய் உள்ளே வந்தார். மைக் செட் அவருடைய வாடகைச் செட். வந்தவர் ஆம்பின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். ‘இரைச்சல் எங்கே போச்சு பார்த்தீரா?’ என்கிற மாதிரி மாரிச்செல்வம் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பாய் சிரிக்கவில்லை.

அடுத்த பாட்டில் கோரஸ் வந்தது. வாசித்துக்கொண்டே மைக்கை நோக்கிக் குனிந்தான். வாய் மைக்கில் படப் போகிற நேரம், கிதார் செத்தது.

கீழே பாய் நின்றிருந்தார். கையில், பிடுங்கிய ஆம்ப் பிளக்.

பாடகர் திணறி நிறுத்தினார். தபேலா தனியாக நாலு தட்டுத் தட்டி அடங்கியது. யாரோ சிரித்தார்கள். பாண்டித்துரை பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பாதிப் பாட்டுல கிதார் நின்னா கோயில் நோம்பி மேடையில கல்லு உழுகுமுங்க. நமக்குச் சரிப்படாது.”

அவர் வண்டி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் மாரிச்செல்வம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குதித்து இறங்கினான். வயசாவது, மரியாதையாவது! பளாரென்று விட்டான் ஓர் அறை. பாயின் கண்ணாடி எகிறிப் போய் விழுந்தது.

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே! நீரெல்லாம் ஒரு மனுசரா?”

ஒருத்தரும் தடுக்கவில்லை. இன்னும் ரெண்டு விழுந்திருந்தாலும் சரிதான் என்றே அங்கிருந்த அத்தனை பேருக்கும் பட்டது.

பாய் தரையைத் தடவிக் கண்ணாடியை எடுத்தார். எலெக்ட்ரீஷியனைப் பார்த்துச் சொன்னார்.

“கிதாரைக் கழட்டி டேபிள் மேல வெக்கச் சொல்லுங்க. யாரும் தொடாதீங்க. பிளக்கை மாட்டிட்டு, கம்பியில டெஸ்டர் வெச்சுப் பாருங்க.”

டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

எலெக்ட்ரீஷியன் பிளக்கைப் பிடுங்கினார். “ஆம்புக்குள்ள கரன்ட் லீக்காகி கிதார் கம்பி வரைக்கும் வருதுங்க. எர்த் இருந்திருந்தா பூமிக்குப் போயிருக்கும். மைக்கு எர்த்தோட இருக்குது, இப்ப அதுல வாய் பட்டிருந்தா அந்த எடத்துலயே உசுரு போயிருக்கும்.” டெஸ்டரைக் கீழே வைத்தார். “நாந்தான் அந்த வயரைக் கழட்டுனேன்.”

மாரிச்செல்வம் பாயின் முன்னால் போய் நின்றான்.

“ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல பாய்? எதுக்கு இத்தன பேரு முன்னால அடி வாங்குனீங்க?”

உடைந்த கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி பாய் சொன்னார்:

“எம் பையன் ஷாரிக் இதே மாதிரி எர்த் இல்லாத கிதாரோட மேடையில நின்னப்ப குரல்தானுங்க தம்பி குடுத்தேன். பாட்டுச் சத்தத்துல அவனுக்குக் கேக்கலை.”