தண்ணீர் ஊற்றாத புல்

"ஏட்டி அன்னம், நான் வாரதுக்குள்ள அதுக்குத் தண்ணி கிண்ணி ஊத்திராத."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார் குற்றாலலிங்கம். 'அது' என்றது வாசலில் அவர் வளர்த்த அருகம்புல் தரையை.

முப்பது வருஷம் அணையில் தண்ணீர் அளந்து திறந்துவிட்டவர். ஓய்வு பெற்றதும் தாமிரபரணிக் கரையிலிருந்து வேரோடு பெயர்த்துவந்து நட்டார். வேர் பிடிக்கிறவரை ஊற்றினார். பிறகு நிறுத்திவிட்டார்.

"நான் எதுக்கு ஊத்தப் போறேன்? குடிக்கதுக்கே ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வருது," என்றாள் அன்னத்தாய். "வார சித்திரையில வைக்கோலாயிரும். ஒரு மாடு பிடிச்சிட்டு வாங்க."

"மூணு வருசமா இதத்தான் சொல்லுத."

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசன் தன் கொரியன் புல்லுக்குக் குழாய் பிடித்தபடி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "காஞ்சா பேத்துட்டு சிமெண்டு கல்லு பாவுதேன்னு சொல்லியிருக்கீங்க அண்ணாச்சி. மறந்துராதீங்க."

"காயாது வே. தண்ணியப் பத்தி எங்கிட்டயா சொல்லுதீரு?"

சிரித்துக்கொண்டே நடக்கப் போனார். தெருமுக்குப் பால்கடை வரைதான் போனார். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் மகள் விஜயஸ்ரீ வீட்டைப் பூட்டி, அம்மாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒவ்வொரு வெயில் நாளிலும் அன்னத்தாய்க்கு அந்தப் புல்தான் ஞாபகம். காய்ந்து கிடந்தால் கார்த்திகேசன் பார்ப்பார். தெருவே பார்க்கும். செத்த பிறகு மனிதர் தோற்றுப்போவார்.

கத்திரி வெயில் முடிந்து ஊர் திரும்பினார்கள். கேட்டைத் திறந்தபோது அன்னத்தாய் தரையைப் பார்க்காமல் மதிலையே பார்த்தாள்.

"கீழ பாரும்மா," என்றாள் மகள். "நுனிதான் லேசாப் பழுத்திருக்கு."

மதிலுக்கு மேல் கார்த்திகேசன் தலை தெரிந்தது. "ரெண்டு மாசமா ஒரு தூத்தல் மழை இல்ல மதினி. கேட்டு பூட்டிக் கிடந்துச்சு, நானும் ஒரு சொட்டு ஊத்தல. அண்ணாச்சி ஜெயிச்சிட்டாரு."

அன்னத்தாய் மெல்லப் புல்லில் உட்கார்ந்து உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

மூன்று வருஷமாக அவர் நடக்கப் போனதும், பாவம் தோற்றுவிடக் கூடாதே என்று, துணி அலசிய தண்ணீரில் ஒரு வாளி யாருக்கும் தெரியாமல் தினமும் ஊற்றிவந்தவள் அவள். ஊற்றாத இந்த இரண்டு மாதமும் புல் பச்சையாகத்தான் இருந்தது.