வாளிச் சத்தம்

மாதுங்கா லாட்ஜின் மாடியில், தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நிற்கிறான் ஜகந்நாதன். மணி ஏழு. ஒன்பது மணிக்குக் கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் வேலைக்கான இண்டர்வியூ. எதிர்க் கட்டில் அனந்தநாராயணன் நேற்று மாலையே காலி செய்துகொண்டு போய்விட்டதால் இன்றுதான் அவன் அசந்து தூங்கினான். ஆனால் நான்கு நாளாகக் காலையில் நிரம்பி நின்ற வாளி இன்று வெறுமையாக இருக்கிறது. குழாயைத் திருகினால் காற்றுதான் சீறுகிறது.

"மானேஜர், தண்ணி பிடிச்சு வைக்கலையா?"

மாடியேறி வரும் மானேஜர் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. "அதுக்கெல்லாம் இங்க ஆளேது, ஓய்? குழாய் வர்றதே விடியக்காலம் நாலரைக்கு, அரை மணி நேரம். அனந்தநாராயணன்தான் தனக்கு ஒண்ணு, உமக்கு ஒண்ணுன்னு பிடிச்சு வெச்சிண்டிருந்தார். வாளிச் சத்தத்துல தூக்கம் போறதுன்னு நீர்தானே புகார் பண்ணினீர்! போறச்சே இதை ரொப்பிக் கொடுத்து, 'அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு இண்டர்வியூ, மூஞ்சி அலம்பவாவது ஆகட்டும்'னார்."

"எங்கே போனார்?"

"யார் கண்டா?"

ஜகந்நாதனுக்கு முகம் சுண்டிப்போகிறது. சொம்பை இடக்கையில் வாங்கிக்கொண்டு, தீர்த்தத்துக்குப் போல் வலது உள்ளங்கையைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டுக்கொள்கிறான். இளவெயில் பித்தளையில் பட்டுச் சுவரில் நடுங்குகிறது. சொம்பின் கழுத்தில் அழகாக அனந்தநாராயணன் பெயர் வெட்டியிருக்கிறது. விலாசம் இல்லை.