ஓர் இமை பின்னால்

எந்தப் பிடிக்கும் தலை இல்லை.

ராகத்தில் ஒரு மூச்சுக்குள் அடங்கும் வாக்கியத்தைப் பிடி என்பார்கள். அவள் கைபேசியைக் காதருகே வைத்து மறுபடியும் கேட்டாள். சகானா ராகம். சற்று முன் அவளே வாசித்துப் பதிவு செய்தது. சுருதி சுத்தம். கமகங்கள் பிசிறில்லாமல் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு பிடியும் முடிகிற இடத்தில் நிறைந்து நிற்கிறது.

தொடங்குகிற இடத்தைத்தான் காணோம். வயலின் கதவுக்கு வெளியே எங்கோ நின்றுவிட்டு, கொஞ்சம் தாமதமாக உள்ளே வருகிறது.

ஓர் இமைப்பொழுதுதான். ஆனால் எல்லாப் பிடியிலும்.

வாத்தியத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். வில்லின் முடிக்கு ரோசின் பிசின் தேய்த்தாள். திருகி இறுக்கினாள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வில்லை வைத்து வாசித்தாள். சத்தம் கூர்மையானது. தாமதம் போகவில்லை. அழுத்தித் தொடங்கிப் பார்த்தாள். யாரோ கதவை இடித்ததுபோல் இருந்தது. அது சகானாவே இல்லை.

இடது கைமேல் குற்றம் சொல்ல முடியாது. விரல் சரியான நேரத்தில் தந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. வில்தான் நிற்கிறது.

எதற்காக?

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய முதல் தனிக் கச்சேரி.

இத்தனை வருஷமும் வசுமதி பாடினாள். அவள் வசுமதியின் இடப்பக்கம் உட்கார்ந்து வாசித்தாள். அது விநோதமான வேலை. ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. எழுதி வைத்த பாட்டும் கிடையாது. பாடுகிறவர் அடுத்து எங்கே போவார் என்று பாடுகிறவருக்கே முழுதாகத் தெரியாது. ஆகவே குரலை முன்னே விட்டு, ஓர் இமை பின்னால், நிழலைப்போலச் சன்னமாகத் தொடர வேண்டும். குரல் நிற்கும்போது வயலின் நிறைய வேண்டும். குரல் விட்டுப்போன கடைசி ஸ்வரத்தைக் கீழே விழாமல் ஏந்திக்கொள்ள வேண்டும்.

அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சித்திரையில் வசுமதி கச்சேரிகளை நிறுத்திவிட்டு மகன் வீட்டோடு பெங்களூரு போய்விட்டாள். அதற்குப் பிறகு இவளையும் யாரும் கூப்பிடவில்லை. ‘அந்தம்மாவோட வயலின்’ என்றுதான் ஊருக்கு இவளைத் தெரியும். அந்தம்மா இல்லாத வயலினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு சபாவின் செயலாளர் மட்டும் இந்தக் காலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார். “ஒரு தடவை பாக்கலாம்மா.”

அந்த ஒரு தடவை சரியாக வரவில்லையென்றால், இனி வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கக் காரணம் இருக்காது.

நேற்று ஒத்திகைக்கு வந்த மிருதங்கக்காரர் சபேசன், அவள் ராகம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் சிரித்துவிட்டார்.

“யாருக்காகக்கா நின்னு நின்னு வர்றீங்க? பஸ் போயிருச்சு.”

அவளும் சிரித்தாள். அவர் போன பிறகு காபித் தம்ளர்கள் இரண்டையும் கழுவினாள். ஒன்றை வெளியே கவிழ்த்தாள். மற்றதைத் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள்.

இன்று வேறு வழி தெரியாமல் வசுமதிக்குப் போன் செய்தாள்.

மணி அடித்தது. எடுத்தாகிவிட்டது.

பேச்சு வருவதற்கு முன் ஒரு மூச்சு வந்தது. மூக்கு வழியாகச் சின்னதாக, நுனியில் லேசான விசிலோடு உள்ளே போகிற மூச்சு.

மடிமேல் கிடந்த அவளுடைய வலது கை எழுந்தது. மணிக்கட்டு வளைந்தது. கட்டைவிரலும் மற்ற விரல்களும், நடுவில் வில் இருப்பதுபோல, ஒன்றை நோக்கி ஒன்று குவிந்தன.

“சொல்லுடி. பேரன் இப்பத்தான் கண்ணசந்தான். மெதுவாப் பேசு.”

அவள் அந்தரத்தில் நிற்கும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், இருக்கியா?”

“இருக்கேன். பாடுறீங்களாக்கா?”

மறுபடியும் அந்த மூச்சு. மறுபடியும் கை அசைந்தது.

“எங்கடி பாடுறது? இந்த வீட்ல மிக்ஸிதான் சுருதிப்பெட்டி.” அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. “ஐயோ, முழிச்சிட்டான். நான் அப்பறமா கூப்பிடறேன்.”

போன தடவையும் அப்படித்தான் சொன்னாள்.

கைபேசியைக் கீழே வைத்தாள்.

பாடுகிறவரால் மூச்சிழுக்காமல் ஒரு பிடியைத் தொடங்க முடியாது. வில்லுக்கு அந்தத் தேவை இல்லை. எங்கே நினைத்தாலும் தொடங்கலாம். ஆனால் அவளுடைய வில் அப்படிப் பழகவில்லை. பக்கத்தில் அந்தச் சின்ன விசில் கேட்டால் கிளம்பும். மைக்கில் விழாத, கூட்டத்துக்குக் கேட்காத விசில். அதைக் கேட்கிறோம் என்று அவளுக்கே இதுவரை தெரியாது.

கைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த அறையில் ஒவ்வொரு பிடிக்கு முன்னாலும் அது அந்த விசிலுக்காகத்தான் நின்றிருக்கிறது.

சுருதிப்பெட்டியைப் போட்டாள். வயலினின் நுனியை வலது பாதத்தில் ஊன்றினாள். விரல் ரிஷப ஸ்வரத்தில் உட்கார்ந்தது.

வில் நின்றது.

இங்கே மூச்சுவிட அவள் ஒருத்திதான்.

மூக்கு வழியாக, தனக்கே கேட்கும்படி இழுத்தாள். விசில் வரவில்லை. அவளுடைய மூச்சுக்கு வேறு சத்தம்.

கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கிளம்பியது.

முழுப் பிடியும் வந்தது, தலையோடு.

அவ்வளவுதான். முதலில் மூச்சை இழுக்க வேண்டும். பிறகு வில்லை.